எட்டாமிடத்துக்கும் கணக்கு உண்டு: கல்லூரி நீச்சலில் எந்த அணி வெல்லும்?

கேள்வி: என் அக்காவின் மகன் அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் நீச்சல் அணியில் இருக்கிறான். பெப்ரவரியில் அவர்களுடைய கான்ஃபரன்ஸ், அதாவது சில கல்லூரிகள் சேர்ந்த குழு, நடத்தும் சாம்பியன்ஷிப். யார் யார் என்ன நேரத்தோடு வருகிறார்கள் என்ற பட்டியலை அனுப்பியிருந்தான். முதல் மூன்று இடங்களுக்கு 5, 3, 1 என்று புள்ளி போட்டுக் கூட்டிப் பார்த்தேன். அவன் அணிதான் முதலிடம். அவனோ, “மாமா, நாங்கள் மூன்றாவதாக வந்தாலே பெரிய விஷயம்” என்கிறான். எங்கே பிழை விட்டேன்? — வாசகர், கல்லடி

பதில்: உங்கள் கூட்டலில் பிழை இருக்காது, புள்ளித் திட்டம்தான் வேறு. மட்டக்களப்பு வெபர் மைதானத்தில் இல்ல விளையாட்டுப் போட்டி பார்த்து வளர்ந்த நமக்கு முதல் மூன்று இடங்கள்தான் கண்ணில் நிற்கும். அமெரிக்கக் கல்லூரி நீச்சலில் தேசிய சாம்பியன்ஷிப்பில் 16 இடங்கள் வரை புள்ளி உண்டு: 20, 17, 16, 15, 14, 13, 12, 11, பிறகு 9, 7, 6, 5, 4, 3, 2, 1. நால்வர் ஒருவர் பின் ஒருவராக நீந்தும் அஞ்சல் நீச்சலுக்கு இது அப்படியே இரட்டிப்பு. பல கான்ஃபரன்ஸ்களில் 24 இடங்களுக்குக் கொடுப்பார்கள். அப்போது முதலிடத்துக்கு 32. மருமகனின் போட்டியில் எது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது 16 இடத் திட்டத்தை வைத்து ஒரு நிகழ்ச்சியை மட்டும் பாருங்கள். ஒரு கல்லூரியின் நட்சத்திரம் முதலாவதாக வருகிறார்: 20 புள்ளி. இன்னொரு கல்லூரியின் நான்கு பேர் 5, 6, 7, 8 ஆம் இடங்களில் வருகிறார்கள்: 14, 13, 12, 11. மொத்தம் 50. மேடையில் ஏறாத நான்கு பேர் தங்கப் பதக்கத்தை இரண்டரை மடங்கு தாண்டிவிட்டார்கள். அதற்கு மேல், ஒருவர் மூன்று தனி நிகழ்ச்சிகளில்தான் நீந்தலாம். எவ்வளவு பெரிய வீரரானாலும் தனியாக 60 புள்ளிக்கு மேல் கொண்டுவர முடியாது. உங்கள் மருமகனின் அணியில் இரண்டு மூன்று நட்சத்திரங்கள் இருந்து, அவர்களுக்குப் பின்னால் ஆள் குறைவு என்றால் அவன் சொல்வதுதான் சரி.

ஆகவே பட்டியலை எக்செலில் போட்டு, சரியான புள்ளியோடு திரும்பக் கூட்டுங்கள். யாராவது மூன்று தனி நிகழ்ச்சிகளுக்கு மேல் பெயர் கொடுத்திருந்தால், அவருக்கு அதிகப் புள்ளி தரும் மூன்றை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிட்டு, கீழே உள்ளவர்களை ஓர் இடம் மேலே ஏற்றுங்கள். வருவது முதல் மதிப்பீடு. அதை அப்படியே நம்ப வேண்டாம்.

முதலாவது, டைவிங். அதற்கு நேரம் கிடையாது, நடுவர்கள் போடும் புள்ளிதான். அதனால் நேரப் பட்டியலை வைத்துக் கூட்டும்போது அது வெளியே நின்றுவிடும். ஆனால் 1 மீற்றர், 3 மீற்றர் பலகை நிகழ்ச்சிகளுக்கும் அதே 20, 17, 16 தான். போன வருட முடிவை எடுத்து, இன்னும் அணியில் இருப்பவர்கள் எத்தனையாவதாக வந்தார்கள் என்று பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, ஓய்வு. நான் அதிக நேரம் செலவழிப்பது இதில்தான். பட்டியலில் இருப்பது இந்தப் பருவத்தில் அவரவர் நீந்திய சிறந்த நேரம். அதை எப்போது நீந்தினார் என்பது அங்கே தெரியாது. நீச்சலில் பெரிய போட்டிக்கு முன் பயிற்சியைப் படிப்படியாகக் குறைத்து உடம்பை ஆறவிடுவார்கள், டேப்பர் என்பார்கள். ஒருவர் டிசம்பரில் ஓரளவு ஓய்வெடுத்து நீந்திய நேரமும், இன்னொருவர் ஜனவரியில் கடும் பயிற்சிக் களைப்போடு நீந்திய நேரமும் பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். இரண்டாமவரின் நேரம்தான் இன்னும் அதிகமாகக் குறையலாம். பலமான சில அணிகள் மார்ச்சில் வரும் தேசியப் போட்டிக்காக, கான்ஃபரன்ஸுக்கு முழு ஓய்வு கொடுப்பதும் இல்லை. இதை அளக்க ஒரு வழி இருக்கிறது. போன வருடப் பட்டியலுக்கும் இதே மாதிரிப் புள்ளி போட்டு, உண்மையில் கிடைத்த புள்ளியோடு ஒப்பிடுங்கள். எந்தப் பயிற்றுநரின் அணி பட்டியலைவிட மேலே போகிறது, எது சரிகிறது என்று தெரியும். இரண்டு மூன்று வருடம் பார்த்தால் அந்தப் பழக்கம் தெளிவாகப் பிடிபடும்.

அஞ்சல் நீச்சலில் ஒரு பயம் உண்டு. முன்னவர் சுவரைத் தொடுமுன் அடுத்தவரின் கால் தொடக்க மேடையை விட்டால் அணியே தகுதி நீக்கம். வென்றிருக்க வேண்டிய அணி 40 புள்ளியை இழக்கும், இரண்டாவதாக வந்த போட்டி அணி 34 இலிருந்து 40க்கு ஏறும். ஒரு நொடிக்குள் 46 புள்ளி வித்தியாசம். இதை முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. அதனால் மதிப்பீட்டை ஒற்றை எண்ணாகச் சொல்லாமல், “நல்லாப் போனால் இவ்வளவு, சறுக்கினால் இவ்வளவு” என்று இரண்டாக எழுதி வையுங்கள்.

இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்தவர்கள் 8, 9, 16, 17 ஆம் இடங்களின் ஓரத்தில் நிற்பவர்கள். பல போட்டிகளில் காலைச் சுற்றில் முதல் 8 பேர் ஒரு இறுதிக்கும், அடுத்த 8 பேர் இன்னொரு இறுதிக்கும் போவார்கள். காலையில் ஒன்பதாவதாக வந்தவர், மாலையில் எல்லோரையும்விட வேகமாக நீந்தினாலும் ஒன்பதாமிடம்தான். எட்டாவதாக நுழைந்தவருக்கோ, தகுதி நீக்கம் ஆகாவிட்டால் 11 புள்ளி உறுதி, 20 வரை வாய்ப்பும் உண்டு. 16 இடத் திட்டத்தில் 17 ஆவதாக வந்த பிள்ளை ஒரு புள்ளியும் இல்லாமல் வீடு போகும். பட்டியலில் இந்த ஓரங்களில் எந்த அணியின் பெயர் அதிகம் என்று எண்ணிப் பாருங்கள். அந்த அணியின் எண்ணிக்கைதான் மேலும் கீழும் அதிகம் ஆடும்.

போட்டி தொடங்கியதும் பழைய பட்டியலைத் தள்ளி வைத்துவிடலாம். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் என்றால் பெப்ரவரியில் நமக்கும் அவர்களுக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம். அங்கே காலை 10 மணிக்குத் தொடங்கும் சுற்று நமக்கு இரவு 8.30. சாப்பிட்டு முடித்துவிட்டு, ஒவ்வொரு அணியிலிருந்தும் முதல் 8இல் எத்தனை பேர், அடுத்த 8இல் எத்தனை பேர் என்று மட்டும் எண்ணுங்கள். 16 இடத் திட்டத்தில் முதல் வகை ஒருவருக்குச் சராசரியாக 15 புள்ளிக்குச் சற்றுக் குறைவு, இரண்டாவது வகைக்கு நாலரைக்குச் சற்று மேல். இதைப் பெருக்கி, அதுவரை எடுத்த புள்ளியோடு சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் கொஞ்சம் தூங்கி எழும்பினால், அங்கே மாலை 6 மணி இறுதி நமக்கு விடிய 4.30க்குத் தொடங்கும்.