‘ஓகே’ என்பதன் விரிவாக்கம் என்ன? அந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

ஏதோ வாட்ஸ்அப் ஃபார்வர்டைப் பார்த்துக் குழம்பித்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அமெரிக்க உள்நாட்டுப் போரில் யாரும் சாகாத நாளில் ‘ஜீரோ கில்டு’ (0 Killed) என்று பலகையில் எழுதுவார்களாம், அதுதான் ஓகே ஆனதாம். நம்பாதீர்கள்.

எனக்கு இதில் பழைய கோபம் ஒன்று இருக்கிறது. எங்கள் குடியிருப்பில் பொங்கலுக்கு வைத்த வினாடி வினாவில் கடைசிக் கேள்வி இதுதான். “ஆல் கரெக்ட் என்பதை வேண்டுமென்றே தப்பாக எழுதிச் சுருக்கியது” என்றேன். தவறு என்று மணி அடித்துவிட்டார்கள். அடுத்த அணிக்காரர் ஜீரோ கில்டு என்றார். கைதட்டல், ஹாட்பாக்ஸ் எல்லாம் அவருக்கு. நான் விடாமல் கேட்டதும் செயலாளர் கேள்வி அட்டையைத் திருப்பிக் காட்டி, “இதுல அப்படித்தான் சார் போட்டிருக்கு” என்கிறார். ஹாட்பாக்ஸுக்காகப் புலம்புகிறேன் என்று யாரும் கமெண்ட் போட வேண்டாம். வீட்டில் மூன்று சும்மா கிடக்கிறது.

அந்தப் போர் தொடங்கியதே 1861இல். ஓகே 1839 மார்ச் 23 அன்றே ‘பாஸ்டன் மார்னிங் போஸ்ட்’ நாளிதழில் அச்சாகிவிட்டது, ‘ஆல் கரெக்ட்’ என்ற விளக்கத்தோடு. all correct என்பதை oll korrect என்று எழுதுவதுபோல ஸ்பெல்லிங்கைக் கோணலாக்கி முதலெழுத்தை மட்டும் போடுவது அப்போது அந்த ஊர்ப் பத்திரிகைக்காரர்களின் விளையாட்டு. ஆல் ரைட்டுக்கு ‘ஓ.டபிள்யூ.’ (oll wright) என்றுகூட எழுதியிருக்கிறார்கள். அது போன இடம் தெரியவில்லை. ஓகே தப்பியது தேர்தலால். 1840இல் மறுபடி போட்டியிட்ட அதிபர் மார்ட்டின் வான் பியூரனின் சொந்த ஊர் கிண்டர்ஹூக். அவரை ‘ஓல்டு கிண்டர்ஹூக்’ என்று சொல்லி ஆதரவாளர்கள் ஓகே கிளப் ஆரம்பித்தார்கள். எதிரணியோ, அவருக்கு முன் அதிபராக இருந்த ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு ஸ்பெல்லிங் வராது, ஆல் கரெக்டை ஓகே என்று எழுதுவார் என்று கிளப்பிவிட்டது. வான் பியூரன் தோற்றுப்போனார், ஆனால் அதற்குள் ஓகே ஊரெல்லாம் பரவிவிட்டது.

இதெல்லாம் என் கற்பனை இல்லை. ஆலன் வாக்கர் ரீட் என்ற கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் பழைய நாளிதழ்களைக் குடைந்து 1960களில் எழுதியது. சோக்டா என்ற அமெரிக்கப் பழங்குடி மொழியிலிருந்து வந்தது என்று சொல்பவர்களும் உண்டு. அதிபர் உட்ரோ வில்சனே அதை நம்பியவர்தான். அதற்காக அது சரியாகிவிடாது.

பொருள் இடத்துக்கு இடம் மாறும். சம்மதம், அனுமதி, உடம்பு பரவாயில்லை, எல்லாவற்றுக்கும் ஓகேதான். சாப்பாடு ஓகே என்றால் சுமார் என்று அர்த்தம், சமைத்தவரிடம் சொல்லிவிடாதீர்கள். ‘காதில் விழுந்தது, செய்வதாக உத்தேசமில்லை’ என்றும் ஒரு பொருள் உண்டு. சம்ப்பைக் கழுவச் சொல்லி அதே செயலாளருக்குத் தீபாவளியிலிருந்து மெசேஜ் போடுகிறேன், ஒவ்வொன்றுக்கும் ஓகே என்றுதான் பதில் வருகிறது. குழாயைத் திறந்தால் இன்னும் மண்டி வருகிறது. பராமரிப்புக் கட்டணத்தை மட்டும் ஒன்றாம் தேதியே கேட்டுவிடுகிறார்.