"நானுக்கு வேணும்!"

வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற மொழியியல் ஆசிரியையின் பதில்கள்

என் மகனுக்கு மூன்று வயது. ஆறு மாதத்துக்கு முன்பு "எனக்கு வேணும்" என்று ஒழுங்காகச் சொல்லிக்கொண்டிருந்தவன், இப்போது "நானுக்கு வேணும்" என்கிறான். ஒவ்வொரு முறையும் திருத்துகிறேன். மாமியார், "விடும்மா, தானா வரும்" என்கிறார். யார் சொல்வது சரி?

உங்கள் மாமியாருக்கு என் ஓட்டு. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பையன் பின்னால் போகவில்லை, ஒரு படி ஏறியிருக்கிறான். இரண்டரை வயதில் 'எனக்கு' என்பது அவனுக்கு உடைக்கத் தெரியாத ஒரே கட்டி. கேட்டதை அப்படியே சொன்னான். இப்போது காது கூர்மையாகிவிட்டது. அம்மாவுக்கு, தாத்தாவுக்கு, பூனைக்கு என்று எல்லாவற்றுக்கும் வாலில் ஒரு 'கு' இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டான். அப்படியென்றால் நான் என்பதற்கு? நானுக்கு! அவன் கணக்கு சரி, இந்த இடத்தில் தமிழ்தான் கோணல். உங்கள் வீட்டில் பெரியவர் எவரும் 'நானுக்கு' என்று சொல்லப்போவதில்லை. கேட்டுச் சொன்ன சொல் இல்லை, அவனே செய்த சொல்.

1958இல் ஜீன் பெர்கோ என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். பறவை மாதிரி ஒரு பொம்மைப் படத்தைக் காட்டி, "இது ஒரு வக்" என்றார். அப்படி ஒரு சொல்லே ஆங்கிலத்தில் கிடையாது. அடுத்து இரண்டு பறவைகள் உள்ள படம். "இப்போது இரண்டு இருக்கின்றன. இரண்டு என்ன?" பாலர் பள்ளிப் பிள்ளைகளில் பெரும்பாலோர் தயங்காமல் "வக்ஸ்" என்றார்கள். பிறந்ததிலிருந்து கேட்டிராத சொல்லுக்கு யார் பன்மை சொல்லிக் கொடுத்திருக்க முடியும்?

திருத்துவது ஏன் பலிப்பதில்லை என்பதற்கு என் பேரன் கதை. ரயிலை 'லயில்' என்பான். ஒருநாள் வேண்டுமென்றே நானும் "அதோ லயில்" என்றேன். முறைத்தான். "லயில் இல்ல பாட்டி, லயில்!" காதில் ரயில் சரியாகத்தான் விழுகிறது, நாக்குதான் இன்னும் வழிக்கு வரவில்லை. (இதே மாதிரி, மீனுக்கான ஆங்கிலச் சொல்லை 'ஃபிஸ்' என்று சொல்லிக்கொண்டே, பெரியவர் 'ஃபிஸ்' என்றால் சண்டைக்கு வந்த ஒரு குழந்தையை ஆய்வாளர்கள் 1960இலேயே பதிவு செய்திருக்கிறார்கள். என் பேரன் புதிதாக ஒன்றும் செய்துவிடவில்லை.)

இன்னொன்றையும் பாருங்கள். நீங்கள் அவனிடம் பேசும்போது 'உனக்கு' என்கிறீர்கள். உங்களைப் பற்றிச் சொல்லும்போது 'எனக்கு' என்கிறீர்கள். அதாவது, அவனைக் குறித்து 'எனக்கு' என்று சொல்லும் ஆள் உலகத்தில் அவன் ஒருவன்தான். ஆள் மாறினால் சொல்லும் மாறும் இந்தக் கண்ணாமூச்சியை மூன்று வயதில் பிடித்திருக்கிறானே, அதை முதலில் மெச்சுங்கள். அவன் "நானுக்கு" என்றால் "உனக்கு வேணுமா? இந்தா" என்று பேச்சைத் தொடருங்கள். நிறுத்தி, "எனக்குன்னு சொல்லு" என்று வகுப்பு எடுக்க வேண்டாம்.

எனக்கு 52 வயது. ஒரு வருடமாகப் பிரெஞ்சு படிக்கிறேன். சில ஒலிகளுக்கு வித்தியாசமே தெரியவில்லை. வயதாகிவிட்டது என்று விட்டுவிடலாமா?

விடவே கூடாது. நான் 41 வயதில் அதே பிரெஞ்சைத் தொட்டவள். உதட்டை 'உ'வுக்குக் குவித்துக்கொண்டு உள்ளே 'இ' சொல்ல வேண்டிய ஓர் உயிரொலி அதில் உண்டு. அதை வெறும் 'உ' என்று சொன்னால், தெரு சக்கரம் ஆகிவிடும். வகுப்பில் "எந்தத் தெரு?" என்று கேட்பதாக நினைத்து "எந்தச் சக்கரம்?" என்று நான் கேட்டது பல தடவை.

இதில் வயதுக்குப் பங்கு உண்டு. ஆனால் அது நீங்கள் நினைப்பதைவிட வெகு முன்னாலேயே நடந்து முடிந்த சமாசாரம். கனடாவில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியின் 'த', 'ட' ஒலிகளைப் போட்டுக் காட்டினார்கள். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு வித்தியாசம் தெரிந்தது. பத்து, பன்னிரண்டு மாதத்தில் வெகு சிலருக்குத்தான். நமக்குப் 'பத்து'க்கும் 'பட்டு'க்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. அவர்கள் காதோ, முதல் பிறந்தநாளுக்குள் தன் மொழிக்கு வேண்டாத வித்தியாசத்தை ஒதுக்கிவிடுகிறது. உங்கள் காதும் அப்படித்தான் பிரெஞ்சு ஒலியை எப்போதோ ஒதுக்கியது. திரும்ப அழைத்து வரலாம், நாளாகும். வேறுபடும் இரண்டு சொற்களை ஜோடியாக வைத்துப் பல பேர் குரலில் கேளுங்கள். எனக்கு அதுதான் கைகொடுத்தது.

இலக்கணம் வேறு கதை. ஏறத்தாழ 6.7 லட்சம் பேர் இணையத்தில் எழுதிய ஆங்கிலத் தேர்வை வைத்து 2018இல் வந்த ஓர் ஆய்வு, இலக்கணம் பிடிக்கும் திறன் 17 வயது வாக்கில்தான் இறங்கத் தொடங்குகிறது என்றது. 52க்கு அது ஆறுதல் இல்லைதான். ஆனால் சொல்வளம் சேர்க்க வயது தடையில்லை. படித்த பெரியவர் சிறுவனைவிட வேகமாகவே சேர்ப்பார்.

வீட்டில் இரண்டு மொழி. குழந்தை குழம்புமா? கார்ட்டூன் போட்டு மூன்றாவது மொழியையும் கற்றுக் கொடுக்கலாமா?

குழம்பாது. ஒரே வாக்கியத்தில் இரண்டு மொழியையும் கலப்பது குழப்பம் இல்லை, கையில் கிடைத்த சொல்லை எடுத்துக்கொள்வது. பெரியவர்களும் அதைத்தான் செய்கிறோம். ஆனால் இரண்டு வயதாகியும் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லை என்றால், "ரெண்டு மொழி, அதான்" என்று சமாதானம் சொல்லிக்கொண்டு உட்காராதீர்கள். முதலில் காதைச் சோதியுங்கள்.

கார்ட்டூனா? 2003இல் பட்ரீசியா கூல் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழுவினர் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீன மொழி பேசுபவர்களை உட்கார வைத்தார்கள். பன்னிரண்டு அமர்வு, பொம்மை, புத்தகம். குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியும் திறனோடு வெளியே வந்தார்கள். அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் டிவி வழியாக என்றபோது பலன் பூஜ்யம்.

யாருமே பேசாமல் வளர்த்தால் குழந்தை எந்த மொழி பேசும்? (கல்லூரி மாணவர்)

எகிப்து மன்னன் சாமெடிக்கஸுக்கும் இதே சந்தேகம். இரண்டு கைக்குழந்தைகளை ஓர் இடையனிடம் கொடுத்து, அவர்கள் முன் வாய் திறக்காதே என்றானாம். இரண்டு வருடம் கழித்து அவை "பெகோஸ்" என்றன. இன்றைய துருக்கிப் பகுதியில் வாழ்ந்த ஃபிரிஜியர்களின் மொழியில் அதற்கு ரொட்டி என்று பொருள். ஆகவே ஃபிரிஜியர்களே மூத்தகுடி என்று மன்னன் முடிவு கட்டியதாகப் பழங்கால கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோடஸ் எழுதுகிறார். குழந்தைகளுக்குப் பால் கொடுத்தவை ஆடுகள் என்பதையும் அவரே சொல்கிறார். ஆடு எப்படிக் கத்தும் என்று மன்னன் யோசிக்கவில்லை போலிருக்கிறது.

உண்மையான பதில் மத்திய அமெரிக்க நாடான நிகராகுவாவில் இருக்கிறது. 1970களின் இறுதியில் அங்கே காதுகேளாத பிள்ளைகள் முதன்முறையாகப் பெருமளவில் ஒரே பள்ளியில் சேர்ந்தார்கள். ஆசிரியர்கள் உதட்டசைவையும் ஸ்பானிய எழுத்தையும் கற்றுக் கொடுக்க முயன்றார்கள், ஒட்டவில்லை. விளையாட்டு மைதானத்திலோ, வீட்டிலிருந்து கொண்டுவந்த சைகைகளைப் பிள்ளைகள் ஒருவரோடொருவர் கலந்தார்கள். பின்னால் வந்த சின்னஞ்சிறுசுகள் அதைக் கற்றபோது, அது முழு இலக்கணத்தோடு ஒரு புது மொழியாகிவிட்டது. ஆசிரியர்களுக்கு ஒன்றும் புரியாமல், 1986இல் ஜூடி கெகல் என்ற மொழியியலாளரை அழைத்து வந்தார்கள். ஆக, தனியாக விட்டால் மொழி வராது. கூட்டமாக விட்டால் வரும்.

பத்து மாத மகள் முதலில் சொன்னது "ப்பா". மனைவி, "சும்மா உளறல்" என்கிறாள். நீங்கள் தீர்ப்புச் சொல்லுங்கள்.

உதட்டை மூடித் திறந்தாலே 'ப', 'ம' வந்துவிடும். அதனால்தான் பல மொழிகளில் பெற்றவர்களுக்கு அந்த ஒலிகளிலேயே பெயர். ஒரு வாரம் கவனியுங்கள். உங்களைப் பார்த்து மட்டும் சொன்னால் வெற்றி உங்களுக்கு. மின்விசிறியைப் பார்த்தும் "ப்பா" என்றால், கொஞ்சம் பொறுங்கள்.