ஈரநிலத்தைக் காயவிடலாமா? கேள்வி பதில்

ஆற்றோர ஈரநிலத்தை மதகு மூடிக் காயவிடுகிறார்கள் என்று கேட்டதும் தூக்கிவாரிப் போட்டது. தண்ணீர் இல்லாமல் அது எப்படி ஈரநிலம், சார்?

வெள்ளத்தில் நிரம்புவதும் ஆறு வடிந்தபின் மெல்ல வற்றுவதும்தான் அதன் இயல்பு. ஆஸ்திரேலியாவின் மர்ரி ஆற்றில் 1920, 30களில் படகுப் போக்குவரத்துக்காக வரிசையாகத் தடுப்பணைகள் கட்டினார்கள். நீர்மட்டம் ஒரே அளவில் நின்றது. அணையையொட்டிய தாழ்நிலங்கள் ஆண்டு முழுக்க மூழ்கிக் கிடந்தன. வேருக்குக் காற்று கிடைக்காமல் ரெட் கம் என்ற யூகலிப்டஸ் வகை மரங்கள் நின்றபடியே பட்டுப்போயின. மேட்டிலிருந்த அதே சாதி மரங்கள் வெள்ளம் எட்டாமல் காய்ந்தன. தண்ணீரைத் தேக்குவதே பாதுகாப்பு என்று நினைப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

காயவிட்டால் அப்படி என்ன கிடைக்கும்?

சேறு இறுகும். மறுபடி நீர் வரும்போது கலங்கல் குறைந்து வெளிச்சம் அடிவரை போகும், நீர்த்தாவரங்கள் முளைக்கும். வெடித்த மண்ணுக்குள் காற்று புகுந்து, மக்கிய இலைதழை சிதையும். மண்ணில் உறங்கிக் கிடக்கும் விதைகளும் நுண்ணிய நீருயிர்களின் முட்டைகளும் நனைந்ததும் விழிக்கும்; மீன்குஞ்சுக்கும் வாத்துக்கும் அதுதான் முதல் தீனி. மர்ரியில் இன்னொரு லாபமும் உண்டு. சேற்றைக் கிளறிச் செடிகளைப் பிடுங்கும் அயல்நாட்டுக் கெண்டை வற்றிய குட்டையில் பிழைக்காது. திரும்ப நிரப்பும்போது மதகில் கம்பித் தடுப்பு வைக்கிறார்கள். பெரிய கெண்டை நிற்கும், குஞ்சு நுழைந்துவிடும். ஒருமுறை காயவிட்டால் போதாது.

எவ்வளவு வேகமாக வடிக்கலாம்?

அவசரமே கூடாது. நீர் சட்டென்று இறங்கினால் பறவைகள் கூட்டைக் கைவிடும். குஞ்சுகள் பறக்கும்வரை பொறுங்கள். மெதுவாக வடிந்தால் ஈரச்சேறு நாளுக்கு நாள் புதிதாக வெளிப்படும், உள்ளான் போன்ற கரைப்பறவைகளுக்கு மேய்ச்சல் நீடிக்கும்.

நீர் இறங்கிய இடத்தில் அழுகிய முட்டை வாடை வருகிறது. ஆபத்தா?

வடிப்பதை நிறுத்திவிட்டு மண்ணைப் பரிசோதியுங்கள். நெடுங்காலம் மூழ்கிய மண்ணில் இரும்புச் சல்பைடு சேர்ந்திருக்கலாம். காற்று பட்டால் அது கந்தக அமிலமாக மாறும். 2000களின் பெரும் வறட்சியில் மர்ரியின் கீழ்ப்பகுதியில் நடந்தது இதுதான். அந்த மண்ணை முழுக்கக் காயவிடவே கூடாது.

வெள்ளம் பாய்ந்ததும் நீர் தேநீர் நிறமாகி மீன் செத்து மிதந்தது. ஏன்?

பல ஆண்டுச் சருகு ஒரே நேரத்தில் ஊறியிருக்கும். கரைந்த கரிமப்பொருளை நுண்ணுயிர்கள் தின்னும்போது நீரிலுள்ள ஆக்சிஜனும் தீர்ந்துபோகும். வெயில் காலத்தில் இன்னும் மோசம். குளிர் பருவத்தில், அடிக்கடி, சிறிது சிறிதாக நனைத்தால் சருகு மலைபோல் சேராது.

மதகைத் திறந்து மூடுவதும் செயற்கைதானே? கரையையே எடுத்துவிட்டால்?

முடிந்தால் அதுதான் மேல். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் சுமார் 166 கி.மீ. வளைந்தோடிய கிஸ்ஸிம்மி ஆற்றை 1962–71இல் 90 கி.மீ. நேர்க்கால்வாயாக வெட்டினார்கள். பிறகு 1999இல் கால்வாயைத் தூர்க்கத் தொடங்கி, சுமார் 35 கி.மீ. மூடி, 2021இல் பணியை முடித்தார்கள். பழைய வளைவுகளில் நீர் ஓடுகிறது, நீர்ப்பறவைகளும் திரும்பின. ஆனால் வெள்ளம் பரவும் நிலத்தை முதலில் வாங்கியாக வேண்டும். அங்கே வீடும் வயலும் இருந்தால் மதகுதான் வழி.

எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை காயவிடுவது?

பொதுக் கணக்கு கிடையாது. அணை வருவதற்கு முந்தைய நீர்மட்டப் பதிவு இருந்தால் தேடி எடுங்கள். இல்லையென்றால் பழைய மரங்கள் எந்த உயரத்தில் தொடங்குகின்றன என்று பாருங்கள். முன்பு ஆண்டு முழுக்க நீர் நின்ற மட்டம் அதற்குக் கீழேதான் இருந்திருக்கும்.