எல்லாம் பாஸ், ஆனாலும் லேப்டாப் எழவில்லை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் லேப்டாப்பை ஆன் செய்தால் சில நாள் நேராக விண்டோஸ் வருகிறது. சில நாள் கருப்புத் திரையில் 'பூட் டிவைஸ் நாட் ஃபவுண்ட்' என்று நின்றுவிடுகிறது. இரண்டு மூன்று தடவை அணைத்துப் போட்டால் திறந்துகொள்ளும். எஃப்2 அழுத்தி, உள்ளேயே இருக்கும் ஹார்டு டிஸ்க் சோதனையை ஓட்டினேன். 'பாஸ்டு' என்கிறது. அப்படியென்றால் விண்டோஸைத்தானே மறுபடி போட வேண்டும்?

பதில்: அவசரப்படாதீர்கள். இன்றைக்கு லேப்டாப் திறந்திருக்கிறது என்றால், இந்தப் பதிலை இங்கேயே நிறுத்திவிட்டு முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகலெடுத்துவிட்டு வாருங்கள். சோதனையெல்லாம் அப்புறம்.

நான் செய்த பாவம் ஒன்று இப்படிச் சொல்ல வைக்கிறது. பழுது பார்க்கும் மேசையில் உட்கார்ந்த புதிதில், ஒருவருடைய, லேசாக முனகிக்கொண்டிருந்த டிஸ்க்கில் நகலெடுக்காமலே முழுச் சோதனையை ஓடவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். காலையில் வந்து பார்த்தால் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் லேப்டாப்பின் அடிப்படை மென்பொருளில்) அந்த டிஸ்க்கின் பெயரே இல்லை. அவருடைய குழந்தையின் முதல் வருடப் படங்கள் அத்தனையும் அதில்தான் இருந்தன. முழுச் சோதனை டிஸ்க்கின் மூலை முடுக்கெல்லாம் படித்துப் பார்க்கும். தள்ளாடுகிற டிஸ்க்கை மலையேறச் சொல்வது மாதிரி அது.

சரி, 'பாஸ்' விஷயத்துக்கு வருகிறேன். டாக்டரைப் பார்த்ததும் வயிற்றுவலி நின்றுவிடும் இல்லையா, அதே கதைதான். லேப்டாப் ஒழுங்காக இருக்கிற நேரத்தில் சோதித்தால் ஒழுங்காக இருக்கிறது என்றுதான் சொல்லும். அடுத்த முறை திரை கருப்பாக நிற்கும்போது, அணைத்துப் போடாமல், அங்கிருந்தே சோதனைக்குள் போங்கள். அப்போது 'நாட் இன்ஸ்டால்டு' என்று வந்தால் பாதித் துப்பு கிடைத்துவிட்டது. அந்த நேரத்தில் டிஸ்க்கே இயந்திரத்தின் கண்ணில் படவில்லை. (ஹெச்பி இயந்திரமாக இருந்தால் அந்தக் கருப்புத் திரையிலேயே 3எஃப்0 என்ற எண்ணும் இருக்கும். குறித்துக்கொள்ளுங்கள்.) டிஸ்க் பெயர் பயாஸில் தெரிந்தும் பூட் ஆகவில்லை என்றால்தான் பூட் வரிசை (எதிலிருந்து முதலில் துவங்குவது என்ற பட்டியல்), விண்டோஸின் துவக்கக் கோப்புகள் பக்கம் சந்தேகம் திரும்ப வேண்டும்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. சின்னச் சோதனை இரண்டு நிமிடம்போல ஓடுகிறது அல்லவா, அதை நடத்துவது லேப்டாப் இல்லை. 'உன்னை நீயே பார்த்துச் சொல்' என்று டிஸ்க்கிடம் கேட்டுவிட்டு அது காத்திருக்கிறது. டிஸ்க் தன் மின்சுற்றையும் தட்டின் ஒரு சிறு பகுதியையும் உள்ளுக்குள்ளேயே பார்த்துக்கொண்டு 'நான் நலம்' என்கிறது. டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவில் இருக்கும் கேபிள் தளர்ந்திருந்தால் அது இந்தக் கணக்கில் வராது. சில நேரம் வருகிறது, சில நேரம் இல்லை என்று நீங்கள் எழுதியதைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் கேபிள் மேல்தான்.

இதை உறுதிப்படுத்த, விண்டோஸ் திறந்திருக்கும் நாளில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். சாட்டா என்ற, கேபிள் வழி இணையும் வகை டிஸ்க்காக இருந்தால் சி7 என்ற வரி இருக்கும். கேபிள் வழியில் கெட்டுப்போன தகவல்களின் எண்ணிக்கை அது. நாளுக்கு நாள் ஏறினால் கேபிளையோ இணைப்பையோ பாருங்கள். 05, சி5 இரண்டும் டிஸ்க்கின் சொந்த நோய்: கெட்டதால் மாற்றி ஒதுக்கிய இடங்களும், படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருக்கும் இடங்களும். இவை ஏறினால் கேபிளை மறந்துவிட்டு வேறு டிஸ்க் பாருங்கள். சின்னப் பலகை மாதிரி நேரே செருகும் என்விஎம்இ வகையாக இருந்தால் சி5, சி7 வரிகள் இருக்காது, 05 என்ற வரிக்கு அங்கே அர்த்தமே வேறு, கேபிளும் கிடையாது. சார்ஜரை எடுத்து, பேட்டரி இணைப்பையும் கழற்றிவிட்டு, பலகையைத் திரும்பச் செருகி அதன் ஒற்றை ஸ்க்ரூவை இறுக்குவது போதுமா என்று பாருங்கள்.

பயாஸ் வரை போனவர்கள் அங்கே எதையும் மாற்றிப் பார்க்க வேண்டாம். டிஸ்க்குக்கு விண்டோஸின் பாதுகாப்புப் பூட்டு போடப்பட்டிருந்தால் மறுபடி திறக்கும்போது விண்டோஸ் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கக்கூடும்.

கேள்வி: கல்லூரி மாணவன் நான். ஆன் செய்தால் திரையில் ஒன்றும் வரவில்லை. விளக்கு மட்டும் ஆரஞ்சில் இரண்டு முறை, வெள்ளையில் மூன்று முறை சிமிட்டுகிறது. நிறுத்தி, மறுபடி அதே மாதிரி. சோதனைத் திரைக்கே போக முடியவில்லையே?

பதில்: தம்பி, அந்தச் சிமிட்டல்தான் சோதனையின் முடிவு. திரையை எழுப்ப முடியாத நிலையில் இயந்திரம் விளக்கால் பேசுகிறது. டெல் மாடல்கள் பலவற்றில் இரண்டு-மூன்று என்றால் ரேம் (தற்காலிக நினைவகப் பலகை) தென்படவில்லை, இரண்டு-நான்கு என்றால் ரேம் இருக்கிறது ஆனால் கெட்டிருக்கிறது, மூன்று-ஒன்று என்றால் பயாஸ் நினைவைக் காக்கும் சின்னப் பேட்டரி தீர்ந்துவிட்டது. வேறு கம்பெனி என்றால் கணக்கு வேறு, உன் மாடலின் கையேட்டைப் பார்.

சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடி. பிறகு ரேமை எடுத்து, ஒன்று மட்டும் ஒரு இடத்தில் போட்டுப் பார். இரண்டு ரேம் இருந்தால் மாற்றி மாற்றி. எது கெட்டது, ரேமா இடமா என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். போர்டிலேயே ஒட்டி வந்த ரேம் என்றால் நீ கை வைக்க இடமில்லை.

கேள்வி: யாரும் எதையும் அழுத்தாமலே லேப்டாப் தானாகச் சோதனைக்குள் போகிறது. எல்லாம் பாஸ். வெளியே வந்தால் விண்டோஸ் நன்றாகவே வேலை செய்கிறது.

பதில்: கீபோர்டில் தேநீர், காபி ஏதாவது சிந்தியதா? சில டெல் மாடல்களில் எஃப்என் கீயைப் பிடித்தபடி ஆன் செய்தாலே சோதனை தொடங்கிவிடும். அந்தக் கீ உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தால் தினமும் நீங்கள் பிடித்திருப்பதாகவே அது நினைக்கும். வெளிக் கீபோர்டு செருகுவதால் இது சரியாகாது. உள் கீபோர்டின் ரிப்பனைக் கழற்றிவிட்டு ஒரு முறை ஆன் செய்யுங்கள். சோதனை வராவிட்டால் கீபோர்டை மட்டும் மாற்றினால் போதும். போர்டையே மாற்றச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

கேள்வி: ஆப்பிள் லேப்டாப்பிலும் இப்படி உள்ளேயே இருக்கும் சோதனை உண்டா?

பதில்: உண்டு. இன்டெல் சிப் என்றால் ஆன் செய்தவுடன் டி கீயைப் பிடியுங்கள். ஆப்பிளின் சொந்தச் சிப் என்றால் துவக்கத் தேர்வுகள் வரும்வரை பவர் பட்டனைப் பிடித்திருந்து, பிறகு கமாண்ட், டி இரண்டையும் சேர்த்துப் பிடியுங்கள். ஏடிபி000 வந்தால் குறை எதுவும் பிடிபடவில்லை. பிபிடி004 வந்தால் பேட்டரியைக் கவனியுங்கள்.

கேள்வி: ஹெச்பி லேப்டாப்பில் பழைய டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டேன். இப்போது எஃப்2 அழுத்தினால் முன்பு இருந்த சோதனைகளில் பாதி காணவில்லை. எஸ்எஸ்டி பொருந்தவில்லையா?

பதில்: எஸ்எஸ்டி மேல் தப்பில்லை. அந்தப் பெரிய சோதனை மென்பொருள் உங்கள் பழைய டிஸ்க்கின் ஒரு மூலையில்தான் குடியிருந்தது, டிஸ்க்கோடு அதுவும் போய்விட்டது. பயாஸுக்குள் இருக்கும் சின்னப் பதிப்பு மட்டும் மிச்சம். ஹெச்பியின் தளத்திலிருந்து அந்த மென்பொருளை இறக்கி ஒரு பென் டிரைவில் போடுங்கள். அதைச் செருகி வைத்துக்கொண்டு ஆன் செய்து எஸ்கேப், பிறகு எஃப்2. எஸ்எஸ்டியிலேயே நிறுவிக்கொள்ளவும் செய்யலாம். ஆனால் டிஸ்க் படுத்துக்கொள்ளும் நாளில் உதவப்போவது பென் டிரைவில் இருப்பதுதான்.