மதியம் 2 மணிக்கு நிழல் எங்கே?

சுங்கை சிப்புட் பக்கம் மூன்று வாரமாகச் சரியான மழை இல்லை. வளர்ப்புப் பிராணிகளைப் பற்றி எனக்கு வந்த கேள்விகளில் முக்கால்வாசி வெயிலைப் பற்றித்தான்.

கேள்வி: தாமான் வீட்டில் ஹஸ்கி நாய் வளர்க்கிறோம். முடியை மழித்துவிட்டால் சூடு தணியுமா?

தணியாது. ஹஸ்கிக்கு ரோமம் இரண்டு அடுக்கு. மேல்முடி வெயிலைத் தடுக்கிற குடை மாதிரி. அதை மழித்தால் தோல் நேராகக் காயும். சில நாய்களுக்கு முடி பழையபடி வளராமலே போவதும் உண்டு. உதிர்கிற அடிமுடியை மட்டும் வாரம் மூன்று தடவை சீவி எடுங்கள். நடை காலை 7 மணிக்குள். காத்தாடி போட்டால் மட்டும் போதாது, நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது. வயிற்றையும் காலையும் நனைத்துவிட்டுக் காற்றுப் படவிடுங்கள். சைபீரியப் பனியில் ஓடிய இனத்தை ஏர்கோன் இல்லாத வீட்டுக்கு வாங்காதீர்கள் என்று பல தடவை எழுதிவிட்டேன். இனி வாங்கப்போகிறவர்களாவது படிக்கட்டும்.

கேள்வி: பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது. உடம்பு கொதிக்கிறது. பனடால் அரை மாத்திரை கொடுக்கலாமா?

கூடாது. பனடால் பூனைக்கு விஷம், அரை மாத்திரையே உயிரை எடுக்கும். நாய் மூச்சு வாங்குவது சகஜம். பூனை வாயைத் திறந்து வாங்கினால் அது அவசரம். இதைப் படித்துக்கொண்டிருக்காமல் கிளினிக்குக்குக் கிளம்புங்கள்.

கேள்வி: வெயில் நேரத்தில் ஐஸ் தண்ணீர் குடித்தால் நாய் செத்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?

வரும். நேற்று எனக்கும் வந்தது. குடிக்கிற தண்ணீரில் நாலு ஐஸ் கட்டி போட்டால் ஒன்றும் ஆகாது.

கேள்வி: எங்கள் ஜிம்மி காவலுக்காக வாசலில் கட்டிப் போட்ட நாய். ஒரு வாரமாக மதியம் ஆனால் ஓயாமல் கத்துகிறது. அக்கம்பக்கத்தில் சண்டைக்கு வருகிறார்கள். அமைதியாக இருக்க மருந்து உண்டா?

மருந்து உண்டு. சங்கிலியை அவிழ்ப்பதுதான் அது.

கோபப்படாமல் கேளுங்கள். போன வருஷம் ஒரு லயத்துக்குப் போயிருந்தேன். கார் நிறுத்துகிற தகரக் கொட்டகையின் தூணில் நாயைக் கட்டியிருந்தார்கள். அது தூணையே சுற்றிச் சுற்றி வந்ததில் சங்கிலி மூன்று சுற்று சுற்றி, கழுத்துக்கும் தூணுக்கும் நடுவே ஒரு முழம்தான் மிச்சம். மிலோ டின்னில் தண்ணீர் வைத்திருந்தார்கள். விரலை விட்டுப் பார்த்தேன். தே ஓ கலக்கலாம், அவ்வளவு சூடு. நாய்க்கு ஈறு செங்கல் நிறம், கண் சொருகிவிட்டது. வீட்டுக்கார அம்மா கெட்டவர் இல்லை. காலை 6 மணிக்கு ஃபேக்டரி பஸ் ஏறுகிறவர். "நான் கட்டும்போது நிழல் இருந்துச்சு சார்" என்றார். நிஜம்தான், அப்போது இருந்தது. நிழல் நகர்ந்துவிட்டது. சங்கிலி அதே இடத்தில்தான் இருந்தது.

ஆகவே எல்லாரிடமும் கேட்கிற அதே கேள்வி: மதியம் 2 மணிக்கு உங்கள் நாய்க்கு நிழல் எங்கே விழுகிறது? விடுமுறை நாளில் போய் நின்று பாருங்கள். தகரத்துக்கு அடியில் இருப்பது நிழல் இல்லை, அடுப்பு. கதவு போட்டுப் பின்கட்டில் அவிழ்த்து விடுங்கள். அதற்கு வழியே இல்லையென்றால் ரம்புத்தான் மரத்துக்கும் சுவருக்கும் நடுவே கம்பி இழுத்து, சங்கிலி அதில் ஓடுகிற மாதிரி மாட்டுங்கள். தண்ணீரைக் கவிழாத மண்சட்டியில், இரண்டு இடத்தில் வையுங்கள். ஜிம்மி கத்துவது காவலுக்கு இல்லை, உங்களைக் கூப்பிடுகிறது. 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தில் கொடுமைக்கு அபராதம் 20,000 வெள்ளியில் தொடங்கி ஒரு லட்சம் வரை போகிறது, ஜெயிலும் உண்டு. அக்கம்பக்கத்தார் சண்டை போடுவதோடு நிற்கிறார்கள் என்று சந்தோஷப்படுங்கள்.

அந்த லயத்து நாய் பிழைத்தது. குழாயடிக்கு இழுத்துப் போய்ப் பத்து நிமிஷம் உடம்பு முழுக்கச் சாதாரணத் தண்ணீர் ஊற்றினோம், ஒரு பையன் அட்டையால் விசிறினான். அப்புறம்தான் காடியில் ஏற்றினோம். ஈப்போவுக்கு அரை மணி நேரம். முதலில் குளிரவைக்காமல் ஏற்றியிருந்தால் வழியிலேயே போயிருக்கும். ஈரத் துண்டைப் போர்த்திவிட்டு உட்காராதீர்கள், துண்டு சூடாகி உள்ளே புழுங்கும். மயங்கிய நாயின் வாயில் தண்ணீர் ஊற்றவும் கூடாது.

கேள்வி: பக் நாயைக் காடியில் விட்டு, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, இரவுச் சந்தையில் பத்து நிமிஷம் சாமான் வாங்கலாமா?

இரவுச் சந்தையில் பத்து நிமிஷத்தில் திரும்பிய மனிதரை நான் பார்த்ததில்லை. சந்தை தொடங்குகிற 5 மணிக்கு வெயில் இன்னும் இருக்கிறது. வெளியே 32 என்றால் பத்து நிமிஷத்தில் உள்ளே 40ஐத் தாண்டிவிடும். கண்ணாடியை இறக்கினாலும் பெரிய வித்தியாசம் இல்லை. பக்குக்கு மூக்கே சப்பை, மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அந்த மூச்சும் பாதிதான் வேலை செய்யும். வானிலைத் துறையின் முதல் எச்சரிக்கை மூன்று நாள் தொடர்ந்து 35ஐத் தொட்டால்தான் வரும். பக் அதுவரை காத்திருக்காது. வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

கேள்வி: அடுக்குமாடி வீட்டுப் பால்கனியில் முயல் கூண்டு. வெயில் ஒத்துக்கொள்ளுமா?

30 டிகிரிக்கு மேல் முயல் தவிக்கும். கூண்டை உள்ளே கொண்டுவாருங்கள். அரை லிட்டர் தண்ணீர் போத்தலை உறையவைத்து, பழைய துண்டில் சுற்றிப் பக்கத்தில் வைத்தால் தானே சாய்ந்து படுத்துக்கொள்ளும். காதை ஈரக்கையால் தடவிவிடலாம், முயலின் சூடு காது வழியாகத்தான் வெளியேறும். மேற்குப் பார்த்த பால்கனியா என்று எழுதவில்லையே. மதியம் 2 மணிக்கு என்ன நிலைமை?

கேள்வி: கோழிகள் இறக்கையை விரித்துக்கொண்டு நிற்கின்றன. நோயா?

சூடு. கூரை மேல் நனைத்த சாக்கைப் போடுங்கள். மத்தியானம் தீனி வேண்டாம், அதைச் செரிப்பதே உடம்புக்குச் சூடு. விடியலிலும் அந்தியிலும் போடுங்கள்.

கேள்வி: (குரல் பதிவு, நாலு விநாடி) "சார், நாய் சாப்பிடல, என்னா செய்றது?"

என்ன நாய்? எத்தனை வயது? எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை? தண்ணீராவது குடிக்கிறதா? நாலு விநாடியில் எனக்கு ஜோசியம் வராது தம்பி. இதையெல்லாம் எழுதி அனுப்புங்கள். கூடவே, அது படுத்திருக்கும் இடத்தைப் படமெடுத்து அனுப்புங்கள். மதியம் 2 மணிக்கு எடுத்த படமாக இருக்கட்டும்.