நாற்பத்திரண்டு வயதில் பிஎச்.டி. செய்யலாமா?

கேள்வி: குடியாத்தம் பக்கத்தில் அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியை நான். எம்.எஸ்சி., எம்.எட். முடித்திருக்கிறேன். என் வகுப்பில் பீடி சுற்றும் வீட்டுப் பிள்ளைகள் அதிகம். அவர்களின் உடல்நலம், படிப்பு பற்றி ஆய்வு செய்ய ஆசை. "இந்த வயசுல எதுக்கு, சம்பளமா கூடப்போகுது?" என்கிறார்கள் வீட்டில். வேலையை விடாமல் செய்ய முடியுமா?
- பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியை

பதில்: முடியும் டீச்சர். பகுதி நேர பிஎச்.டி.யை யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிமுறைகள் அனுமதிக்கின்றன. உங்கள் துறையிடமிருந்து தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். அதற்கு இப்போதே மனுக் கொடுங்கள். குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. மறுபதிவு செய்தால் இன்னும் 2; பெண்களுக்கு அதற்கு மேலும் 2 ஆண்டு சலுகை உண்டு. ஆக, நேரம் இருக்கிறது. நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வின் மதிப்பெண்ணை 2024 முதல் பிஎச்.டி. சேர்க்கைக்கும் எடுத்துக்கொள்கிறார்கள். அதையும் எழுதிப் பாருங்கள்.

விதியை விட எனக்குக் கவலை உங்கள் தலைப்பைப் பற்றித்தான். 'உடல்நலம், படிப்பு' என்பது கடல். நானும் அப்படித்தான் இறங்கினேன். 'வட ஆற்காடு மாவட்ட மாணவர்களின் சுகாதார விழிப்புணர்வு' என்று பதிந்துகொண்டு, நூற்றுக்கணக்கில் வினாத்தாள் அச்சடித்து, பஸ் பஸ்ஸாக ஏறி நிரப்பி வாங்கினேன். எல்லாப் பிள்ளைகளும் 'கை கழுவுவேன்' என்றே டிக் அடித்திருந்தார்கள். இரண்டு வருடம் போயிற்று. என் வழிகாட்டி ஒரு பக்கம்கூடப் படித்திருக்கவில்லை.

அணைக்கட்டுப் பக்கம் ஒரு கிராம சுகாதார செவிலியர்தான் என்னைக் காப்பாற்றினார். "மேடம், எத்தனை புள்ளைங்க காலையில வெறும் வயித்தோட வருதுன்னு எண்ணிப் பார்த்தீங்களா?" என்று கேட்டார். அப்போது காலை உணவுத் திட்டம் கிடையாது. அது 2022-ல் வந்தது. மூன்றே பள்ளிகள். யார் சாப்பிட்டு வந்தார்கள், பதினோரு மணிக்கு யார் பெஞ்சில் தலை சாய்த்தார்கள் என்று தினமும் குறித்தேன். ஆய்வு அங்கேதான் ஆரம்பித்தது.

உங்கள் வகுப்பிலும் அப்படி ஒரு கேள்வி இருக்கும். புகையிலைத் தூள் பறக்கிற அறையிலேயே தூங்கி எழும் பிள்ளைக்கு இருமலால் எத்தனை நாள் லீவு? ஆயிரம் பீடிக்குத்தான் கூலி என்பதால், கணக்கு முடியும்வரை அம்மாவோடு உட்கார்ந்து முனை மடக்கும் பெண் பிள்ளை வீட்டுப்பாடத்தை எப்போது எழுதுகிறாள்? இதில் ஒன்றை மட்டும் எடுங்கள். வருகைப் பதிவேடு உங்கள் கையிலேயே இருக்கிறது. வெளியிலிருந்து வரும் ஆய்வாளருக்கு அது லேசில் கிடைக்காது.

வழிகாட்டியைப் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். அவரிடம் முடித்த மாணவர்களின் ஆய்வேடுகள், இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கும் சோத்கங்கா இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். இரண்டு மூன்றை முழுதாகப் படியுங்கள். முடிக்க எத்தனை வருடம் ஆனது என்று அந்த மாணவர்களிடமே கேளுங்கள். கல்வியியலுக்குத் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. நுரையீரல், ரத்தசோகை என்று அளக்கப் போனால் மருத்துவம் தெரிந்த ஒருவர் கூட வேண்டும். வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியின் சமுதாய சுகாதாரத் துறை கணியம்பாடி ஒன்றியத்தில் வீடு வீடாகப் பல காலமாக வேலை செய்கிறது. ஒரு நாள் போய்ப் பேசிவிட்டு வாருங்கள்.

ஆய்வில் யாருக்கும் தீங்கு வராமல் பார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் ஒரு பிள்ளையின் எடையைக்கூட ஆய்வுக்காகக் குறிக்காதீர்கள். பெற்றோரின் ஒப்புதல் வேண்டும், பிள்ளையின் சம்மதமும் வேண்டும். பீடி சுற்றும் அம்மாக்கள் உங்களைப் பார்த்து முதலில் பயப்படுவார்கள். பிள்ளையை வேலை வாங்குவதாக எழுதிக் கொடுத்துவிடுவார், கம்பெனியில் இலை தராமல் நிறுத்திவிடுவார்கள் என்று நினைப்பார்கள். அந்தக் கூலிதான் வீட்டில் அரிசி. அதனால் முதல் தடவை போகும்போது தாளும் பேனாவும் வேண்டாம். முறத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு மட்டும் வாருங்கள்.