வான் மாட் சமான் கால்வாய்க் கரையில் ஒரே நாள் நடை

வணக்கம் ஐயா. பீடோங் தோட்டத்திலிருந்து இரு பிள்ளைகளுடன் சென்று, மலேசியாவின் கெடா மாநிலத்தில் குருணிலிருந்து அலோர் ஸ்டார் வரை இக்கால்வாய்க் கரையிலேயே ஒரே நாளில் நடக்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்பேன், ஏறத்தாழ 35 கிலோமீட்டர், நிழலோ மிகக் குறைவு.

1885இல் தொடங்கி, கெடாவின் மந்திரி பெசார் (தலைமை அமைச்சர்) வான் முகமது சமான், இரவில் தீப்பந்தங்களை வரிசையாக நிறுத்தி நேர்க்கோடு பிடித்து வெட்டுவித்ததாகச் சொல்லப்படும் கால்வாய் இது என்பதால், ஒரு மணி நேரம் நடந்தாலும் அதே தண்ணீரும் வயலும்தான் எதிரே நிற்கும். (என் மகன் சலித்துப்போய் உடும்புகளை எண்ணத் தொடங்கிவிட்டான்.) ஆகவே குருண் பக்கத்து ஐந்து கிலோமீட்டரை மட்டும், காலை 7 மணிக்கே தொடங்கி, குருணை நோக்கித் தெற்கே நடங்கள், ஜெராய் மலை கண்ணெதிரே வளர்ந்துகொண்டே வரும். பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்களுக்காகப் பிள்ளைகளைத் தண்ணீர்ப் பக்கம் ஒதுங்க விடாதீர்கள்.